சூப்பர்சிலியஸ் என்றால் புருவம்

அருணுக்கு,

'அன்புள்ள' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அதனால் வெறும் பெயரோடு தொடங்குகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ ஃபோனில் கத்தியபோது நான் பதில் பேசவில்லை. பேசத் தெரியாமல் இல்லை. நீ மூச்சு விடவே இடம் கொடுக்கவில்லை. தை மாதம் வடபழனி மண்டபத்தில் நடக்க இருந்த உன் கல்யாணம் நின்றுபோனது என்னால்தான் என்றாய். பவித்ரா நிச்சயதார்த்த மோதிரத்தை அவள் அண்ணன் கையில் கொடுத்து அனுப்பியதும் என்னால்தான் என்றாய். "அவகிட்ட என்னம்மா சொன்ன? சொல்லு, என்னதான் சொன்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். அப்புறம் இங்கிலீஷுக்கு மாறினாய். உன் அப்பாவுக்கும் கோபம் ஒரு அளவைத் தாண்டினால் இங்கிலீஷ்தான் வரும். "யூ ஆர் சூப்பர்சிலியஸ், அம்மா. யூ ஆல்வேஸ் வேர்" என்றாய். எனக்குப் புரியாது என்று உனக்குத் தெரியும். புரியக்கூடாது என்றுதான் அந்த வார்த்தையை எடுத்தாய். எனக்கு ஒரு ஃபோன் இருப்பதையும், அதில் கேட்டால் எந்த வார்த்தைக்கும் அர்த்தம் வரும் என்பதையும் நீ மறந்துவிட்டாய்.

மறுநாள் காலையில் மயிலாப்பூருக்கு வந்து பார்லர் ஷட்டரைத் தூக்கி, நாற்காலியைத் துடைத்துவிட்டு, முதல் கஸ்டமர் வருவதற்குள் தேடிப் பார்த்தேன். எழுத்துக்கூட்டுவதற்குள் இரண்டு முறை தப்பாகிவிட்டது. தன்னைவிட மற்றவர்கள் தாழ்ந்தவர்கள் என்று நினைத்து நடந்துகொள்கிறவர் என்று போட்டிருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் கீழே அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்றும் போட்டிருந்தது. லத்தீன் பாஷையில் 'சூப்பர்' என்றால் மேலே, 'சிலியம்' என்றால் கண்ணிமை. இமைக்கு மேலே இருப்பது. புருவம். முதலில் வெறும் புருவத்துக்குத்தான் அந்தப் பெயர் இருந்திருக்கிறது. அப்புறம் அந்த ஊர்க்காரர்கள், ஒற்றைப் புருவத்தைத் தூக்கி ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்க்கிற பார்வைக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். இங்கிலீஷ்காரர்கள் அதை வாங்கியபோது புருவத்தை விட்டுவிட்டுத் திமிரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கஸ்டமர் உட்காரும் நாற்காலியில். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இத்தனை வருஷமாக நான் சோறு தின்றது புருவத்தில்தான். ஆனால் நான் நினைத்தது என் தொழிலை இல்லை. உன் அப்பாவின் இடது புருவத்தை நினைத்தேன்.

நாம் தமிழில் இந்தக் குணத்தைத் தலையில் வைத்திருக்கிறோம். தலைக்கனம், மண்டைக்கனம் என்கிறோம். திமிர் என்றும் சொல்கிறோம். கால் மரத்துப்போனால் அதற்கும் திமிர் என்றுதான் என் அம்மா சொல்லுவாள். ரத்தம் ஓடாமல், கிள்ளினாலும் தெரியாமல் கட்டையாகிக் கிடப்பது. இரண்டும் ஒரே வார்த்தை என்று அவளுக்கு நினைப்புகூட இருந்திருக்காது. ஆனால் ஆளைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கிற இடம் எது என்று கேட்டால், அந்த லத்தீன்காரர்கள் சொன்னதுதான் சரி. தலைக்குள் இருப்பது வெளியே தெரியாது. புருவம் தெரியும். அதற்குக் கீழே ஒருத்தி நின்றுகொண்டிருந்தால் அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கல்யாணமான புதிதில் உன் அப்பாவோடு வேலை பார்த்த ஒரு பேராசிரியர் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். அடையாறில் பெரிய வீடு. அவர் வீட்டு அம்மா என்னிடம் ரொம்பப் பிரியமாகத்தான் பேசினார். ஒரு நாள் வாங்களேன், சேர்ந்து கோயிலுக்குப் போகலாம், என்றைக்குச் சௌகரியம் என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் இங்கிலீஷிலேயே சொல்ல வேண்டும் என்று "வெட்னஸ்டே" என்றேன். 'வென்ஸ்டே' என்றுதான் சொல்ல வேண்டுமாம். கார்ப்பரேஷன் ஸ்கூலில் எங்களுக்கு எழுத்தைப் பார்த்து அப்படித்தான் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அம்மா கவனித்தாரோ என்னவோ, கவனித்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. உன் அப்பா எதிர் சோபாவில் இருந்தார். இடது புருவம் மட்டும் மெல்ல மேலே போயிற்று. சுற்றியிருந்தவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள், அப்புறம்தான் சிரித்தார்கள். அந்த ஒரு அசைவில் அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்: இவள் செய்வதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, நானும் உங்களோடு சேர்ந்துதான் இவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. நான் அந்த அம்மாவோடு கோயிலுக்குப் போகவே இல்லை.

உன் அப்பா கெட்டவர் இல்லை. இதை நான் எழுதாவிட்டால் நீ முதல் வேலையாக இதைத்தான் சொல்லுவாய். அவர் என்னை அடித்ததில்லை. குடித்ததில்லை. அவரிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் ரோட்டில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கி வணக்கம் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் தங்கமான மாப்பிள்ளை என்றார்கள். என்னிடம் காட்டுவதற்குக் காயம் எதுவும் இல்லை அருண். அதுதான் என் கஷ்டம். என் அம்மாவிடம் போய் என்ன சொல்லுவது? அவர் புருவத்தைத் தூக்குகிறார் என்று சொன்னால் அவளே சிரித்திருப்பாள். அதனால் நான் என்ன செய்தேன் என்றால், பேச்சைக் குறைத்தேன். அவருடைய நண்பர்கள் வந்தால் வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். சொல்ல வேண்டியது எதுவானாலும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். ஓட்டிப் பார்ப்பதற்குள் பாதி விஷயம் சொல்லவே வேண்டாம் என்றாகிவிடும். இந்த மௌனம்தான் உனக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது. அம்மா யாரோடும் ஒட்டமாட்டாள், உம்மணாமூஞ்சி என்று உன் அத்தைகள் சொல்லிச் சொல்லி நீயும் அதையே பிடித்துக்கொண்டாய்.

பாண்டி பஜாரில் ஒரு மாடியில் பார்லர் வைத்திருந்த பாத்திமா அக்காவிடம் நான் தொழில் கற்றுக்கொண்டது நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு. நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் முறுக்கி இழுக்க வேண்டும். முதல் மாசம் உதடெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பின்னால் இந்தச் சின்ன அறையை வாடகைக்குப் பிடித்துத் தொடங்கியபோது உன் அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. "பியூட்டிஷியன் மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தார், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு அவருடைய கல்லூரி ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவர், உங்கள் மனைவி என்ன செய்கிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டார். அன்றைக்கு முழுக்க இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்த உன் அப்பா, அந்தக் கேள்விக்கு மட்டும் தமிழில் பதில் சொன்னார்.

"மயிர் பிடுங்கறா."

நான் பஜ்ஜித் தட்டோடு சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன். எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். கேட்ட மனிதர் மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நீ அப்பாவின் மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நீயும் சிரித்தாய். சின்னப் பையன், வார்த்தையின் கெட்ட அர்த்தம் உனக்குத் தெரிந்திருந்தது, அதனால் சிரித்தாய். அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் உன்மேல் கோபம் வைக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய் அடுத்த ஈடு பஜ்ஜி போட்டேன்.

உனக்கு மீசை அரும்பியபோது ஷேவ் பண்ணச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? அப்பாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று என்னிடம்தான் வந்தாய். பார்லரில், எல்லோரும் போன பிறகு, அதே நாற்காலியில் உன்னைச் சாய்த்து உட்காரவைத்து, நுரை போட்டு, முடி எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கமாகவே பிளேடை ஓட்ட வேண்டும் என்று காட்டினேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தைக் காட்டிக்கொண்டு, அவ்வளவு நம்பிக்கையாக இருந்தாய். அந்த நாற்காலியில் யாருக்குமே திமிர் வராது. ஜட்ஜ் வீட்டு அம்மாவும் வருவார், பூக்கடைக்காரப் பெண்ணும் வருவாள். படுத்துக்கொண்டு, தன் விரலாலேயே தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர எல்லோரும் ஒன்றுபோல்தான் இருப்பார்கள். அன்றைக்கு உன் முகத்தைப் பக்கத்தில் பார்க்கும்போதுதான் கவனித்தேன், புருவம் அப்படியே உன் அப்பாவுடையது. நடுவில் அடர்த்தியாகத் தொடங்கி வெளிப்பக்கம் வளைந்து போகும். அழகான புருவம். பயமாக இருந்தது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய்.

நான் ஏன் அந்த வீட்டைவிட்டு வந்தேன் என்று உனக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். உன் பெரியம்மா, ஆதம்பாக்கத்தில் தனியாக இருந்தவள், ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாலாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் ஃபோன் பண்ணினாள். உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன பிறகு அவருக்குக் காலையில் பேப்பர்தான். நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே போய் நின்றேன்.

"என்னங்க, அக்கா எக்ஸ்பயர் ஆயிட்டாளாம்."

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. புருவம் மேலே போயிற்று.

"மருந்துதான் எக்ஸ்பயர் ஆகும். மனுஷங்க சாவாங்க" என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் கழித்து, "எப்போ?" என்று கேட்டார்.

வேண்டுமென்று சொல்லவில்லை, எனக்குத் தெரியும். வகுப்பில் தப்பாகச் சொன்ன பையனைத் திருத்துகிற மாதிரி, வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அன்றைக்குச் சாவு வீட்டுக்கும் வந்தார். வேட்டி கட்டிக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, எல்லோருக்கும் மரியாதை கொடுத்தார். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்ன நடந்தது தெரியுமா? என்னைத் தூக்கி வளர்த்தவள் செத்துப்போயிருக்கிறாள், அதற்கு அழுவதற்கு முன்னால், வார்த்தையைத் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று நான் வெட்கப்பட்டேன். முகம் சூடாகிவிட்டது. அக்காவுக்காக அழுகை வருவதற்கு அதற்கப்புறம் வெகு நேரம் ஆயிற்று. அவர் சொன்னதை மன்னித்துவிடுவேன். எனக்குள் அந்த வெட்கம் முதலில் வந்ததே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னை அந்த அளவுக்கு ஆக்கி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். நான் அங்கேயே இருந்துவிட்டேன். அக்கா பையன் வெளிநாட்டில் இருக்கிறான், "பூட்டிப் போட்டா வீணாத்தான் போகும், நீங்களே இருங்க சித்தி" என்றான். உன் அப்பா ஃபோன் பண்ணி எப்போது வருகிறாய் என்று கேட்டார். வரவில்லை என்றேன். என்ன ஆச்சு என்றார். ஒன்றும் ஆகவில்லை என்றேன். அது உண்மையும்கூட. புதிதாக ஒன்றுமே ஆகவில்லை. நீ நேரில் வந்தாய். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஒரு கிராமர் கரெக்ஷனுக்காகவாம்மா வீட்ட விட்டு வந்துட்ட?" என்று சிரித்தாய். அதற்கு மேல் உன்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டேன். அப்புறம் உன் நிச்சயதார்த்தத்தில் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். அதைத்தான் நீ என் திமிருக்குச் சாட்சியாகச் சொல்கிறாய். அங்கே உட்கார்ந்திருந்தால் நான் மறுபடி பேச்சை நிறுத்தியிருப்பேன். மூன்றாவது வரிசையில் இருந்ததால்தான் பவித்ராவோடு பேச முடிந்தது.

அந்தப் பெண்ணை எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது. வேளச்சேரியில் பிசியோதெரபி கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். கையில் வேலை செய்கிற பலம் தெரியும். கலகலவென்று பேசுவாள், பேசும்போது எதிரில் இருப்பவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். இவள் வந்தால் அந்த வீட்டில் சத்தம் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்புறம்தான் தி.நகருக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போனோம். நீ, நான், அவள், அவளுடைய அம்மா. புடவை எடுத்து முடித்து, கூட்டத்தில் இடிபட்டு வெளியே வந்து, பக்கத்து ஓட்டலில் டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். அங்கே உன்னுடைய ஆபீஸ் நண்பன் ஒருவன் மனைவியோடு வந்துவிட்டான். அவர்களுக்குத் தமிழ் வராது. பவித்ரா அவர்களிடம் தன் பேஷன்ட் ஒருவரைப் பற்றிச் சொன்னாள். பக்கவாதம் வந்து ஒரு வருஷம் படுக்கையில் இருந்த பெரியவர், அன்றைக்குக் காலையில் தன் பெண்ணின் கையைப் பிடிக்காமல் வாசல்வரை நடந்தாராம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. "ஹி வாக்குடு" என்றாள். "ஆல் த வே, ஹி வாக்குடு." நீ காபி டபராவைக் கையில் பிடித்தபடி நண்பனைப் பார்த்தாய். உன் புருவம் ஏறியது. அப்புறம் ரொம்ப மெதுவாக, அன்பாகச் சொல்கிற மாதிரி, "வாக்ட்" என்றாய்.

அவள் நிறுத்திவிட்டாள். வாசல்வரை வந்த அந்தப் பெரியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"அப்புறம் என்னாச்சும்மா? அவர் பொண்ணு என்ன சொன்னா?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்து இட்லியைப் பிய்க்க ஆரம்பித்தாள். அதற்கப்புறம் வீடு போகிறவரை அவள் யார் கையையும் பிடித்துப் பேசவில்லை.

கை கழுவப் போன இடத்தில் உன்னைத் தனியாக நிறுத்திச் சொன்னேன். இதை நீ ஃபோனில் மறைத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். "அருண், அந்தப் பொண்ண அப்படிப் பாக்காத" என்றேன்.

"எப்படிப் பாத்தேன்?"

"உங்கப்பா என்னப் பாக்கற மாதிரி."

நீ கையைத் துடைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்போதும் அதே பார்வைதான். "அம்மா, ப்ளீஸ். ஒன் கதைய எல்லார்மேலயும் ஒட்டாத. அவ நாளைக்கு என்னோட நாலு எடத்துக்கு வரணும். நான் ஹெல்ப்தான் பண்றேன்" என்றாய். உதவி. உன் அப்பாவும் அதைத்தான் சொல்லுவார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. உனக்கு முதலில் சொன்னேன். அவளுக்கு எதுவும் சொல்வதற்கு முன்னால், உன்னிடம்தான் சொன்னேன். நீ காதில் வாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் பார்லருக்கு வந்தாள். நிச்சயதார்த்தத்தன்றே சொல்லியிருந்தாள், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை நீங்களே ஐப்ரோ பண்ணிவிடுங்கள் ஆன்ட்டி என்று. வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் தனியாக வந்திருந்தாள். உட்காரவைத்து, பவுடர் போட்டு, ஒரு பக்கம் முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. நூல் இழுத்தால் எல்லோருக்கும் வரும். ஆனால் நான் கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க ஏன் அங்கிள விட்டு வந்தீங்க? அருண் கேட்டா ஈகோன்னு சொல்றாரு."

நான் உன் பெரியம்மா செத்த அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். அது மட்டும்தான். அதற்கு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அப்புறம் அவளாகவே சொன்னாள். "அவருக்கு ஃபோன் பண்றதுக்கு முன்னாடி, பாத்ரூம்ல நின்னு ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கறேன் ஆன்ட்டி. தப்பு வந்துடக் கூடாதுன்னு. பேஷன்ட்டுங்க கிட்டல்லாம் நான் அப்படி இல்ல. இப்ப அவங்க கிட்டயும் பயமா இருக்கு." சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. எனக்குப் பல வருஷம் ஆயிற்று அருண், அந்த நிலைமைக்கு வர. அவளுக்கு நிச்சயம் முடிந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது.

அப்போது அவள் கண்ணைத் திறந்து, எழுந்து உட்கார்ந்து, நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள். "அங்கிள் இப்படித்தான்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, நீங்க அவரக் கட்டியிருப்பீங்களா ஆன்ட்டி?"

மழுப்பியிருக்கலாம். எல்லாம் விதி, எல்லா வீட்டிலும் இருப்பதுதான், போகப் போகச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் "மாட்டேம்மா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அருண் பொறந்திருக்க மாட்டாரே" என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. நான் முழுசாகப் புரிந்துதான் சொன்னேனா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"ஆமா. பொறந்திருக்க மாட்டான்" என்றேன்.

இன்னொரு பக்கப் புருவத்தையும் முடித்துவிட்டேன். அவள் கண்ணாடியில் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மந்தைவெளி ஸ்டேஷனுக்கு நடந்து போனாள். பத்து நாள் கழித்து அவள் அப்பா உன் அப்பாவைக் கூப்பிட்டு, பெண்ணுக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். நீ அவளிடம் கேட்டபோது அவள் என்ன காரணம் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் பேசினாள் என்பதை மட்டும் சொல்லியிருக்கிறாள், பொய் சொல்லத் தெரியாத பெண்.

அதற்கப்புறம் எல்லோருக்கும் நான்தான் கெட்டவள். வடபழனி கோயிலில் போன வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். கைகூப்பினேன். அந்த அம்மா என்னைத் தெரியாதவர் மாதிரிப் பிரகாரத்தில் அந்தப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டார். ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்துவிட்டு, இப்போது ஒவ்வொரு வீடாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. உன் அப்பாவும் கூப்பிட்டார், எத்தனையோ மாசத்துக்கு அப்புறம். "கங்கிராஜுலேஷன்ஸ்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு அந்த முகம் ஃபோனிலேயே தெரிந்தது.

பவித்ராவைத் தேடிக்கொண்டு வேளச்சேரிக்குப் போகாதே. கிளினிக் வாசலில் போய் நிற்காதே. அவள் முடிவு பண்ணிவிட்டாள், அதில் தப்பு கண்டுபிடித்துத் திருத்த அங்கே ஒன்றும் இல்லை. நாளைக்கு வேறு ஒருத்தி வருவாள். வரட்டும். அவள் தன் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், அவள் எந்த பாஷையில், எப்படித் தப்புத் தப்பாகச் சொன்னாலும், அந்தப் பெரியவர் வாசல்வரை நடந்து போய்ச் சேர்கிறவரை நீ வாயைத் திறக்காதே, முகத்தையும் காட்டாதே. உனக்கு அது முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். உன் அப்பாவால் முடியவில்லை. அவரும் நல்ல மனிதர்தான்.

என்னை அப்படிப்பட்டவள் என்று சொன்னாயே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் உன்னை ஒருநாளும் மேலேயிருந்து பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அடுத்து வர வேண்டிய கஸ்டமரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். நீ பிறந்த அன்றைக்கு உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது இருந்த சூடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தப் பிள்ளையைத்தான், இல்லாமலே போயிருந்தாலும் பரவாயில்லை என்று இன்னொரு வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அக்காவுக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன். ஆனால் அவள் திரும்பி வந்து மறுபடி கேட்டிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான். உன்னைக் கட்டாதே என்று சொல்லவில்லை, உன்னைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. சொன்னது இதைவிடப் பெரியது. இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் என்மேல் கோபப்படுவதானால், சரியான காரணத்துக்காகக் கோபப்படு.

அம்மா